‘அவனுக்கென்ன, கெட்டிக்காரன்!’ – இதைக் கேட்டே வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நடுப்பெஞ்சு (இழையைத் தொடங்கியவர்)

தலைப்பைப் பார்த்ததும் "பெருமையடிக்க வந்துட்டான்"னு நினைக்கிறவங்க நினைச்சுக்கலாம். நம்ம ஊர்ல "எனக்கு மூளை கொஞ்சம் அதிகம், அதனால கஷ்டப்படறேன்"னு சொல்றது, "பணம் அதிகமாகி தூக்கம் வரல"ன்னு புலம்பற மாதிரி. எவனும் அய்யோ பாவம்னு சொல்லமாட்டான். அதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல.

தென்காசிப் பக்கம் சின்ன ஊரு. அப்பா கூட்டுறவு சொசைட்டில கிளார்க். ஒண்ணாம் வகுப்பு சேர்றதுக்கு முன்னாடியே பேப்பரை எழுத்துக்கூட்டாம படிப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா பேப்பரை நீட்டுவார், நான் படிச்சுக் காட்டணும். வந்தவங்க காப்பியைக் குடிச்சுட்டு "பையன் கலெக்டர்தான்"னுட்டுப் போவாங்க. மூணாம் வகுப்புல டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேலையை என்கிட்ட விட்டுட்டு நோட்டு திருத்தப் போயிடுவாங்க. தப்பாச் சொல்றவன் பேரை நான்தான் போர்டுல எழுதணும். பேரு எழுதிக் கொடுக்கறவன்கூட எவன் கோலி விளையாடுவான்?

இதெல்லாம் வெளியில தெரியற கஷ்டம். தெரியாதது ஒண்ணு இருக்கு. ஏழு வயசுல எதையோ படிச்சுட்டு, சூரியன் ஒருநாள் அணைஞ்சு போகும்னு பயம் வந்துடுச்சு. ராத்திரி தூக்கமில்ல. அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கு கோடிக்கணக்கான வருஷம் இருக்குல்ல, படு"ன்னாங்க. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பயம் கணக்குக்குக் கட்டுப்படல. யோசிக்கறது பெரிய மனுஷன் மாதிரி, பயப்படறது ஏழு வயசுப் பையன் மாதிரி. நடுவுல மாட்டிக்கிட்டது யாருக்கும் தெரியல, ஏன்னா நான் அழல. கேள்விதான் கேட்டேன்.

இப்ப 34. சென்னையில ஐடி வேலை. மீட்டிங்கில ஒருத்தர் பேச ஆரம்பிச்சதுமே எங்க போய் முடியப்போகுதுன்னு தெரிஞ்சுடும். முன்னாடியே சொன்னா திமிர் பிடிச்சவன், சொல்லாம இருந்தா ஆர்வமில்லாதவன். வேணும்னே ஒரு அரைமணி நேரம் கழிச்சுச் சொல்லப் பழகிட்டேன். அது போகட்டும். வீட்டுக்காரி ஒருநாள் சொன்னா: "நான் அழுதா, ஏன் அழறேன்னு கண்டுபிடிச்சுடறீங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுடுது."

அப்பா இறந்தப்ப ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், சமையலாள், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் என் மண்டைக்குள்ள வரிசையா ஓடிச்சு. நீர்மாலைக்குக் கிளம்பும்போது யாரோ என் தம்பியைக் கட்டிப்பிடிச்சு அழறாங்க. என்னைப் பார்த்துச் சித்தப்பா பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார், "அவனுக்கென்ன, கெட்டிக்காரன். எல்லாத்தையும் பாத்துக்கிடுவான்."

பாத்துக்கிட்டேன். இன்னும் அழல. இப்படி இருக்கறவங்க வேற யாராவது இருக்கீங்களா?

---

வெட்டிஆபீசர்

கோவிச்சுக்காதீங்க நண்பா, நேராவே கேக்கறேன். எங்க மாமா லாரி டிரைவர். பத்தாவது ஃபெயில். தாத்தா செத்தப்ப அவரும் அழல. பாடை கட்டறதுல இருந்து பந்திக்கு இலை வாங்கற வரைக்கும் அவர்தான் ஓடினாரு. அவருக்கும் மூளை அதிகமா?

நீங்க சொல்றது மூத்த பையன் பிரச்சினை. ஆம்பளை அழக்கூடாதுன்னு வளர்த்த பிரச்சினை. இதுக்கு ‘அறிவாளியின் துயரம்’னு போர்டு மாட்டினா கொஞ்சம் கவுரவமா இருக்கு, அவ்வளவுதான். மீட்டிங் போரடிக்குதுன்னா எனக்கும்தான் போரடிக்குது. நான் என்ன மேதையா?

---

கணக்குவாத்தி_ஓய்வு

வெட்டிஆபீசர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காக எழுதுகிறேன். தஞ்சை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் காலமெல்லாம் கணக்கு நடத்தியவன்.

ஒரு பையன் இருந்தான். எட்டாம் வகுப்பு. விடை மட்டும் எழுதுவான், வழிமுறை எழுதமாட்டான். "ஸ்டெப்புக்குத்தான்டா மார்க்" என்றால், "பார்த்தாலே தெரியுது சார், எதை எழுதறது?" என்பான். திமிர் இல்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அவன் அழிரப்பரைக் கவனித்திருக்கிறேன். ஒரு இலக்கம் கோணலாக விழுந்தால் அழிப்பான், திரும்ப எழுதுவான், மறுபடி அழிப்பான். தாளில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவான். மற்ற பையன்கள் மணியடித்ததும் ஓடிவிடுவார்கள், இவன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பான். 98 வாங்கிய அன்று வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனான். நாற்பது வாங்குகிற பையனுக்கு வயிற்றுவலி வந்தால் நாங்கள் விசாரிப்போம். 98 வாங்கியவனை யார் விசாரித்தார்கள்? நானும் "அடுத்த தடவை நூறு வாங்கிடுவே" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

எங்கள் கும்பகோணத்துப் பிள்ளை ராமானுஜனும் அப்படித்தான். சின்ன வகுப்பில் கணக்குத் தேர்வு. 45க்கு 42 வாங்கினார். நண்பன் சாரங்கபாணி 43. ஒரே ஒரு மதிப்பெண். அதற்காக அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "மற்ற பாடத்தில் எல்லாம் நீதானே அதிகம்?" என்று அவன் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. கணக்கில் தான்தான் முதல் என்று எல்லாருக்கும் தெரியும், இப்போது இதுவும் தெரிந்துவிட்டதே என்று அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினார்.

குழந்தை என்று விட்டுவிடலாம். கேம்பிரிட்ஜில் நடந்தது? சாட்டர்ஜி என்ற நண்பருக்கு விருந்து. சமையல் ராமானுஜனே. கூட இரண்டு பெண்கள். சூப் பரிமாறினார், இன்னொரு தடவை பரிமாறினார். மூன்றாவது தடவை கொண்டுவந்தபோது அந்தப் பெண்கள் போதும் என்றார்கள். உள்ளே போனவர் வரவில்லை. எழுந்து தேடினால் ஆளே இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. தான் பரிமாறியதை அவர்கள் வேண்டாம் என்றதைத் தாங்க முடியாமல், அப்படியே ரயிலேறிப் போயிருக்கிறார். உலகமே வியக்கும் தேற்றங்களை எழுதிய ஆள், ஒரு கிண்ணம் சூப்பை மறுத்ததைத் தாங்க முடியாமல் போனார்.

---

வெட்டிஆபீசர்

சார், மரியாதையோட சொல்றேன். எதுக்கெடுத்தாலும் ராமானுஜனைக் கொண்டு வராதீங்க. 1914ல கப்பல் ஏறினார், அந்த வருஷமே உலகப்போர். அய்யங்கார் சமையலுக்குக் காய்கறி இல்ல. குளிரு. பொண்டாட்டி எழுதின கடிதாசியை அம்மாக்காரி போய்ச் சேரவிடல. 1917ல இருந்து உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சாரு. 1918ல லண்டன்ல ரயில் முன்னாடி விழப் போனாருன்னா, அதுக்கு மூளையா காரணம்? தனியா கெடந்தா எவனுக்கும் அப்படித்தான் ஆகும்.

---

கணக்குவாத்தி_ஓய்வு

நீங்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரி. நான் அதை மறுக்கவில்லை. அத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தேற்றம்தான் தெரிந்தது என்கிறேன். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டி பின்னால் எழுதியதைப் படித்தால் கணிதம் பக்கம் பக்கமாக இருக்கும். ஆள் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான் என்று தேடிப் பார்க்கவேண்டும்.

---

ஆலோசகி_மதுரை

மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

"புத்திசாலி என்றால் மனநோய் வரும்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். அதற்கு மூலம் 2018இல் வந்த ஓர் ஆய்வு. மென்சா என்பது அறிவுத்திறன் மிக அதிகமாக உள்ளவர்களுக்கான சங்கம். அதன் அமெரிக்க உறுப்பினர்கள் 3,715 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். பதற்றம், மனச்சோர்வு எல்லாம் சராசரியைவிட அதிகம் என்று வந்தது. ஆனால் மென்சாவில் யார் சேருவார்கள்? தன் மூளையைப் பற்றி ஏற்கெனவே நிறைய யோசிக்கிறவர்கள், தன்னைப்போல் ஆள் கிடைக்காமல் தேடுகிறவர்கள். வலி உள்ளவர்களைக் கூட்டி வைத்து வலி இருக்கிறதா என்று கேட்ட கதை. பிற்பாடு பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது, அறிவுத்திறன் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மனநோய் கூடுதலாக இல்லை. பதற்றம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அந்த விஷயத்தில் வெட்டிஆபீசர் பக்கம்தான் நான்.

1921இல் கலிஃபோர்னியாவில் டெர்மன் என்பவர் ஐக்யூ 135க்கு மேல் உள்ள 1,500க்கும் அதிகமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுக்கத் தொடர்ந்தார். பெரும்பாலும் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்றார். ஆனால் சோதனைக்குப் பிள்ளைகளை முதலில் கைகாட்டியவர்கள் ஆசிரியர்கள். கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த புத்திசாலியை எந்த டீச்சர் கைகாட்டுவார்? பின்னாளில் நோபல் வாங்கிய ஷாக்லி, ஆல்வரெஸ் இரண்டு பேருமே அந்தச் சோதனையில் தேறவில்லை!

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அம்மையார் ஐக்யூ 180க்கு மேல் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார். அந்தப் புத்தகம் அவர் இறந்தபின் 1942இல் வந்தது. அவர் சொன்னது: 125லிருந்து 155 வரை இருப்பவர்கள் பாக்கியசாலிகள், ஊரோடு ஒத்துப்போக முடியும். அதற்கு மேலே போகப் போக, ஒத்த வயதில் பேச ஆள் கிடைப்பது கஷ்டமாகிறது. ஆக, கஷ்டம் முக்கியமாக இடைவெளியில்தான் இருக்கிறது.

நடுப்பெஞ்சு, உங்களைப் போன்றவர்கள் என் அறைக்கு வரும்போது கையில் முழு அறிக்கையோடு வருவார்கள். எல்லாம் படித்திருப்பார்கள். "எனக்கு இன்ன பிரச்சினை, காரணம் சின்ன வயதில் இது, ஆகவே இது" என்று அழகாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். நான் ஒன்றுதான் கேட்பேன்: "சரி, இதைச் சொல்லும்போது இப்போ உடம்பில் எங்கே என்ன செய்யுது?" அங்கே நின்றுவிடுவார்கள். நெஞ்சு அடைக்கிறதா, தொண்டையில் ஏதாவது இருக்கிறதா, தெரியாது. சிலர் அதற்கும் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள்! லாரி ஓட்டுகிற மாமா வந்தால் "நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கும்மா" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அழாதவர்கள் என்று இருவரையும் ஒரே கட்டில் போடலாம். ஆனால் இவர் ஒளிந்துகொள்ள நல்ல இடம் கட்டி வைத்திருக்கிறார், அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். அதனால்தான் அங்கிருந்து வெளியே வருவது கஷ்டம்.

---

வெட்டிஆபீசர்

சரிங்க மேடம். இது கொஞ்சம் உறைக்குது.

---

செம்பருத்தி

நான் எப்பவும் படிச்சுட்டுப் போறவ, எழுதமாட்டேன். இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. ஈரோடு பக்கம். மகளுக்கு ஒன்பது வயசு, நாலாவது படிக்கிறா.

போன வருஷக் கடைசியில அவ டிக்டேஷன் நோட்டைப் பார்த்தேன். தினமும் இருபதுக்குப் பதினெட்டு. ஒரு நாளும் பத்தொன்பது இல்ல, பதினேழு இல்ல. தப்பு விட்ட வார்த்தையெல்லாம் வீட்டுல கதை எழுதற நோட்டுல சரியா எழுதியிருக்கா. உக்கார வச்சுக் கேட்டேன். ரொம்ப சாதாரணமா சொன்னா: "இருபது வாங்கினா சாப்பிடும்போது அவங்க கூப்பிட மாட்டாங்கம்மா. ரொம்பத் தப்பு விட்டா மிஸ் திட்டுவாங்க. ரெண்டுன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." எந்த ரெண்டு வார்த்தைய விடறதுன்னும் கணக்கு வச்சிருக்கா. எல்லாரும் விடற வார்த்தையைப் பார்த்து அதையே விடறாளாம்.

எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அடுப்படியில போய் நின்னுட்டேன்.

வீட்டுல வேற மாதிரி. மாமியார் நல்லவங்கதான், ஆனா அவ ஏதாவது எதிர்க்கேள்வி கேட்டா "அதிகப்பிரசங்கி"ம்பாங்க. இதையே என் அண்ணன் மகன் கேட்டா "வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்"னு சிரிக்கறாங்க. நடுப்பெஞ்சு சார், உங்களைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் காட்டினாங்க. எங்களையெல்லாம் மூடி வைக்கச் சொன்னாங்க. ரெண்டுல எது மேல்னு எனக்குத் தெரியல.

பள்ளிக்கூடத்துல டபுள் புரமோஷன் தரலாம்னு பிரின்சிபல் சொல்றாங்க. ஆறாம் வகுப்புல போடலாமாம். போடலாமா?

---

சிங்கை_வாசி

இங்கே சிங்கப்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் இருந்தது, ஜி.இ.பி. என்போம். 1984இல் தொடங்கியது. தொடக்கநிலை 3இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வைப்பார்கள். அதில் மேலே வரும் ஒரு விழுக்காட்டினரை எடுத்து, தொடக்கநிலை 4 முதல் குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பில் போடுவார்கள். நான் அதில் போனவன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். முதல் நாள் இடைவேளையில் ஒரு சீனப் பையன் வந்து கருந்துளைக்குள்ளே விழுந்தால் கைக்கடிகாரம் எப்படி ஓடும் என்று கேட்டான். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு அதிகம் பேசினேன் என்று அம்மா இன்றும் சொல்வார்.

கெட்டது இரண்டாவது மாதம் வந்தது. பழைய பள்ளியில் நான்தான் முதல். இங்கே இருபத்தைந்து பேருமே அவரவர் பள்ளியில் முதல். முதல் தேர்வில் பின்வரிசைக்குப் போய்விட்டேன். ‘கெட்டிக்காரன்’ என்ற ஒன்றைக் கழற்றிவிட்டால் நான் யார் என்பதற்குப் பத்து வயதில் என்னிடம் பதில் இல்லை. எங்கள் புளோக்கில் நான்தான் அந்த வகுப்புக்குப் போன ஒரே தமிழ்ப் பிள்ளை. கோயிலுக்குப் போனால் எல்லாரும் விசாரிப்பார்கள். மதிப்பெண்ணை அம்மாவிடமே மறைத்தேன். உதவி கேட்கவும் தெரியாது. அதுவரை எனக்குத் தேவைப்பட்டதே இல்லையே, எப்படிக் கேட்பது?

2024இல் பிரதமர் அந்தத் திட்டத்தை அப்போதிருந்த வடிவில் நிறுத்துவதாக அறிவித்தார். இனி அவரவர் தொடக்கப்பள்ளியிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தருவார்களாம். நல்லதா கெட்டதா என்று என் பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் இன்னும் சண்டை ஓடுகிறது.

---

பனங்கூடல்

சிங்கை அண்ணை சொன்னது இலங்கையில எங்கட ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப் மாதிரித்தான். பத்து வயசில சோதினை. வெட்டுப்புள்ளிக்கு மேல வந்தால் படம் பேப்பரில வரும், ஊரெல்லாம் மாலை போடுவினம். ஒரு புள்ளியால விட்ட பெடியன் அண்டைக்கே மக்கு. நான் பாஸ் பண்ணினனான். பக்கத்து வீட்டுச் சிநேகிதன் விட்டவன். அண்டையோட அவன்ர தாய் அவனை என்னோட விளையாட விடேல்லை. "அவன் கெட்டிக்காரன், நீ போய்ப் படி" எண்டு சொல்லிப்போட்டா. பரிசு வாங்கினது நான், சிநேகிதனை இழந்ததும் நான்தான். அந்தக் கவலையை ஆரிட்டச் சொல்லுறது? "பாஸ் பண்ணிப்போட்டு என்ன அழுகை?" எண்டுவினம்.

---

நடுப்பெஞ்சு

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவாங்கன்னு நினைக்கல.

வெட்டிஆபீசர், உங்க மாமா விஷயத்தை ரெண்டு நாள் யோசிச்சேன். என் தம்பியும் ஆம்பளைதான், அதே வீடு, அதே அப்பா. அவன் கதறி அழுதான், ஆறு மாசத்துல ஆளு தேறிட்டான். அவனை யாரும் காரியஸ்தன் ஆக்கல, அதுவும் ஒரு காரணம். நீங்க சொன்ன மூத்த பையன் கணக்கும் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு. ஆலோசகி மேடம் கேட்ட கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். அப்பாவோட கடைசி நாளை நினைச்சு, உடம்புல எங்கன்னு தேடினேன். ரெண்டு நிமிஷத்துல, துக்கம் ஏன் தொண்டையை அடைக்குதுங்கறதுக்கு நரம்பு மண்டலக் கட்டுரை ஒண்ணைப் படிச்சுட்டிருக்கேன்! சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

---

புத்தகப்புழு_திருச்சி

நடுப்பெஞ்சு, உங்களுக்கு முன்னாடியே இதைப் பட்டவர் ஒருவர் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி. அப்பா ஜேம்ஸ் மில், மூன்று வயதில் கிரேக்கம் ஆரம்பித்து வைத்தார். எட்டு வயதில் லத்தீன். கூட விளையாடப் பிள்ளைகள் கிடையாது. தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் இவர் தலையில்தான். (நீங்கள் போர்டில் பேர் எழுதிய மாதிரி.) 1826இல், இருபது வயதில், ஒருநாள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்: நான் ஆசைப்படும் சீர்திருத்தமெல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா? இல்லை என்று பதில் வந்தது. அதோடு ஆள் விழுந்துவிட்டார். மாதக்கணக்காக வேலைக்குப் போனார், எழுதினார், பேசினார், உள்ளே ஒன்றும் இல்லை. அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரியும். எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் உணர்ச்சியை அரித்துவிடும் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

எப்படி வெளியே வந்தார் தெரியுமா? மார்மொண்டேல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகளைத் தற்செயலாகப் படிக்கிறார். அதில் அப்பா இறந்துபோகும் இடம். குடும்பம் கலங்கி நிற்கிறது, சின்னப் பையனாக இருந்த மார்மொண்டேல் "இனி உங்களுக்கு நான் இருக்கிறேன்" என்று நிற்கிறான். மில்லுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து பாரம் குறைந்தது என்கிறார். பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள். மனநல நூல் எதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை. யாரோ ஒருவரின் அப்பா செத்த கதைதான் தூக்கிவிட்டது.

---

நடுப்பெஞ்சு

இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கிரீனை மூடி வச்சுட்டேன். "இனி உங்களுக்கு நான் இருக்கேன்"னு அந்தப் பையன் சொன்னதை அவங்க வீட்டுல யாராவது கேட்டாங்களான்னு தெரியல. எங்க வீட்டுல நான் சொல்ல வேண்டிய அவசியமே வரல, எல்லாரும் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க.

---

வெட்டிஆபீசர்

நண்பா, தத்துவம் போதும். சித்தப்பாவுக்குப் போன் போடுங்க. "சித்தப்பா, அப்பா ஞாபகமா இருக்கு, சும்மா பேசலாம்னு கூப்பிட்டேன்"னு சொல்லுங்க. எந்தக் காரியமும் சொல்லாதீங்க, வரி ரசீது, பட்டா எதுவும் கேக்காதீங்க. சும்மா பேசுங்க. எங்க மாமா அப்படித்தான், திதிக்குத் திதி யாருக்காவது போன் போட்டு தாத்தாவைத் திட்டுவாரு. திட்டி முடிக்கும்போது குரல் மாறிடும்.

---

ஆலோசகி_மதுரை

வெட்டிஆபீசர், உங்களை எங்கள் மையத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நடுப்பெஞ்சு, போன் போடுங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416 இருக்கிறது, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசில்லை.

செம்பருத்தி, உங்கள் கேள்விக்கு. ஆஸ்திரேலியாவில் மிராகா கிராஸ் என்பவர் ஐக்யூ 160க்கு மேல் இருந்த அறுபது பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்தார். இரண்டு மூன்று வகுப்பு தாண்டிப் போனவர்களுக்கு நட்பும் நிம்மதியும் நன்றாகவே அமைந்தன. வயதொத்தவர்களோடே பிடித்து வைக்கப்பட்டவர்கள்தான் அதிகம் தனிமைப்பட்டார்கள். ஆனால் அது மிக அபூர்வமான பிள்ளைகளின் கதை, பாப்பாவை முறையாகப் பரிசோதிக்காமல் முடிவு எடுக்காதீர்கள். முக்கியமாக, அவளிடம் கேட்டீர்களா?

இன்னொன்று. 1998இல் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது: "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து சுலபமான புதிரையே கேட்டார்கள், தோற்றபோது மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். "நல்லா முயற்சி பண்ணினே" என்று பாராட்டப்பட்டவர்கள் கஷ்டமான புதிரைக் கேட்டார்கள். உங்கள் மாமியாரிடம் சண்டை வேண்டாம். நீங்கள் மட்டும் ‘கெட்டிக்காரி’யைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

---

கணக்குவாத்தி_ஓய்வு

டபுள் புரமோஷனில் எனக்கு உடன்பாடில்லை. நம் பள்ளிகளில் இரண்டு வகுப்பு தாண்டினால் இரண்டு டியூஷன் சேரும், தோழி ஒருத்தி சேரமாட்டாள். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது, பெற்றோர் இன்னும் நிறுத்தவில்லை. ஆலோசகி அம்மா ஆய்வு சொல்கிறார், நான் பார்த்ததைச் சொல்கிறேன். இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை.

செம்பருத்தி அம்மா, பாப்பாவுக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஏதாவது ஒரு எண் எடுக்கச் சொல்லுங்கள். இரட்டை என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. வருகிற எண்ணுக்கும் அதையே செய். செய்துகொண்டே போனால் கடைசியில் 1 வரும். எல்லா எண்ணுக்கும் வருமா? 1937இல் கொலாட்ஸ் என்ற ஜெர்மானியர் கிளப்பிய கேள்வி. இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளும் போடலாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். பாப்பா 27இல் ஆரம்பிக்கட்டும்.

---

செம்பருத்தி

சார், நீங்க நல்லா மாட்டிவிட்டீங்க. 27 எடுத்தா, ரெண்டு பக்கம் போட்டும் முடியல. ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. நடுவுல ஒரு கூட்டல் தப்பாகி அழிச்சு அழிச்சு, அப்புறம் அழுகை. "இது வராதும்மா, தப்பான கணக்கு"ன்னா. உலகத்துல யாருக்குமே இதுக்குப் பதில் தெரியாதாம்னு சொன்னேன். "மிஸ்ஸுக்குமா?"ன்னா. மிஸ்ஸுக்கும்தான்னேன். "அந்தத் தாத்தாவுக்குமா?"ன்னா. உங்களைத்தான் சார் கேட்டா.

இன்னைக்கு அதை ஸ்கூலுக்குக் கொண்டு போயிருக்கா. சாப்பாட்டு நேரத்துல நாலு பேர் ஆளுக்கொரு எண் எடுத்துப் போட்டாங்களாம். ஒருத்தி 16 எடுத்து நாலே வரியில முடிச்சுட்டாளாம், அவதான் ஜெயிச்சான்னு இவ ஒத்துக்கிட்டிருக்கா. 27 மட்டும் இன்னும் முடியலையாம். எத்தனை படி வரும் சார்?

---

கணக்குவாத்தி_ஓய்வு

111 படி. நடுவில் 9,232 வரைக்கும் ஏறும். பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.